இனிப்புக்கு ஒரு குமிழ்

நான் இதுவரை பதினோரு கீபோர்டுகள் செய்திருக்கிறேன். ஆனால் தட்டுவது இரண்டே விரலால். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்துவைக்கிறாள்: "இவரு கீபோர்டெல்லாம் நல்லா செய்வாரு. எழுத மட்டும்தான் வராது."

பிழைப்புக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். ஈப்போவில் இருக்கும் அலுவலகக் கட்டடங்கள், அடுக்குமாடி வீடுகள் என்று பகலெல்லாம் ஏறி இறங்குவேன். பெரும்பாலும் படியில்தான், லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தால் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? நாளெல்லாம் பொத்தான்களோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் பொத்தான்களோடு உட்காருகிற மனிதனை ஊரில் யாரும் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவும் இல்லை.

எங்கள் வீடு குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே ஒரு வரிசை வீடு. பின்கட்டில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் என் மேசை. மெஷின் துணியைப் பிழிய ஆரம்பித்தால் மேசையும் சேர்ந்து ஆடும். அந்த நேரத்தில் சால்டர் வைத்தால் ஈயம் வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழும். என்னுடைய முதல் மூன்று கீபோர்டுகள் அப்படிப் பிறந்தவைதான். அவற்றில் ஒன்றில் எந்த எழுத்தை அமுக்கினாலும் இரண்டு எழுத்து வரும். தாராள மனசு.

குமிழ்ப் பைத்தியம் பிடித்தது சிலிம் ரிவரில். என் அண்ணன் அங்கே, நாங்கள் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். இப்போது அங்கே செம்பனைதான். தோட்டத்துக் கோயிலுக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கியபோது பழைய பெட்டியைத் தூக்கிப் போட இருந்தார்கள். அதன் முன்பக்கம் கறுப்பாக, கனமாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற, உளுந்து வடை அளவுக்கு ஒரு குமிழ். ஓரமெல்லாம் கோடு கோடாகப் பிடிமானம். பார்த்ததும் விரல் அரித்தது.

"அண்ணே, இத நான் எடுத்துக்கிறேன்."

"கோயில் சாமான்டா. ஒரு கும்பிடு போட்டுட்டு எடுத்துக்க."

கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து நாலாவது கீபோர்டின் மூலையில் ஓட்டை போட்டு மாட்டினேன். மனைவி பார்த்தாள்.

"இனிமே ஆடி மாசம் கீபோர்டுக்கும் கூழ் ஊத்தணுமா?"

கீபோர்டுக்குள் வைக்கிற குமிழ் ரேடியோக் குமிழ் மாதிரி கிடையாது. ரேடியோவில் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. இது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு 'டிக்'குக்கும் கம்ப்யூட்டரிடம் ஒரே ஒரு சேதி சொல்லும்: வலது பக்கம் ஓர் அடி, அல்லது இடது பக்கம் ஓர் அடி. எந்தப் பக்கம் போகிறோம் என்பது அதற்குத் தெரியும். எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. நானும் அதே ரகம் என்பதால் எங்களுக்குள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. முதலில் இரண்டு கம்பியை மாற்றி வைத்துவிட்டேன். வலது பக்கம் திருகினால் சத்தம் குறையும். மூன்று மாதம் அதை "புது மாதிரி டிசைன்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு சரிசெய்து, பக்கங்களை மேலும் கீழும் உருட்டுகிற மாதிரி வைத்தேன். என்ன சுகம்! ஒரு விரலால் தள்ளினால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஆனால் என்னிடம் உருட்டுவதற்கு நீளமாக எதுவும் இல்லை. கடைசியில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வாகன நிறுத்த விதிமுறைகளை இறக்கிவைத்துக்கொண்டு உருட்டினேன். இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் நான்தான்.

இப்படிச் சந்தோஷமாக வீணாகப் போய்க்கொண்டிருந்தவனை வேலைக்கு இழுத்தது என் நண்பனின் காது.

அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், இருபது வருடமாகத் தேத்தண்ணி போடுகிறான். கடையின் முன்பக்கமே அவன் மேடைதான். அண்ணாந்து ஒரு கையும் தாழ்ந்து ஒரு கையுமாகத் தேத்தண்ணியை இழுத்து ஆற்றிக்கொண்டே ரோட்டில் போகிற எல்லாரிடமும் பேசுவான். வாய் ஓயவே ஓயாது. ஆனால் போன வருடத்திலிருந்து காது ஓய ஆரம்பித்துவிட்டது.

மாமாக் கடையில் ஆர்டர் தாளில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. பரிமாறுகிறவர் மேஜையில் கேட்டுவிட்டு அங்கிருந்தே கத்துவார்: "தே தாரேக் ரெண்டு! ஒண்ணு குராங் மானிஸ்!" இழுத்து ஆற்றிய பால் தேத்தண்ணி இரண்டு, ஒன்றில் இனிப்புக் குறைய வேண்டும் என்று அர்த்தம். சீனியே வேண்டாம் என்றால் "கொசொங்". இவன் திரும்பாமலே "ஆஆ" என்பான், தேத்தண்ணி வந்துவிடும். இப்போது "ஆஆ" மட்டும் சரியாக வந்தது. தேத்தண்ணி மாறி மாறி வந்தது. காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டுப் பார்த்தான். அது அவனுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பெரிதாக்கியது. "கரண்டி கீழ விழுந்தா மண்டைக்குள்ள வெடி போடுது மச்சான்" என்று கழற்றி வைத்துவிட்டான். முதலாளி ஒரு டேப்லட் வாங்கிக் கொடுத்து ஆர்டரை அதில் போடச் சொன்னார். பரிமாறுகிறவர்களின் கையெல்லாம் ரொட்டி மாவும் நெய்யும். திரை அந்த விரல்களை மதிக்கவே இல்லை.

முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனால் அவரும் எவ்வளவு நாள் பொறுப்பார்? ஒரு நாள் சாயங்காலம் கடையில் நண்பன் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணாந் தேதியிலருந்து நான் பின்னால மச்சான். வெங்காயம் வெட்டணுமாம். தைப்பிங்லருந்து வேற ஆளு வாரானாம் தேத்தண்ணிக்கு."

"சம்பளம்?"

"அதே சம்பளம்தான். அதா பேச்சு? இருவது வருஷம் மூஞ்சியப் பாத்துப் பொழச்சவன்டா நான். பின்னால போயி என்னா, வெங்காயத்துக்கிட்ட பேசவா?"

எனக்கு மூளைக்கு முன்னால் வாய் ஓடும். "நான் ஒண்ணு செஞ்சு தாரேன்லா" என்றேன்.

"என்னா?"

"கீபோர்டு!"

அவன் என் உதட்டையே பார்த்தான். "நான் என்னா ஆபீஸ் கிராணியா?"

ஆனாலும் முதலாளியிடம் இருவருமாகப் போய் நின்றோம். பரிமாறுகிறவர்கள் கத்த வேண்டாம், ஒரு பெட்டியில் அமுக்கினால் போதும், இவன் முன்னால் இருக்கும் திரையில் பெரிய எழுத்தில் வரும் என்று விளக்கினேன். முதலாளி தாடியைத் தடவினார். "ஞாயித்துக்கெழம காலையில வைப்போம். அந்தக் கூட்டத்துக்குத் தாங்குச்சுன்னா இவன் இங்கயே நிக்கட்டும். தாங்கலன்னா நான் சொன்னதுதான்."

அந்தப் பெட்டியைச் செய்த இரண்டு வாரம்தான் நான் வாழ்க்கையில் மிக ஒழுங்காக வேலை பார்த்த காலம். சாப்பாட்டு டப்பா அளவு. பன்னிரண்டு பெரிய பொத்தான்கள், ஒவ்வொன்றும் ஒரு பானம். மேலே மெல்லிய ரப்பர் விரிப்பு, தேத்தண்ணி கொட்டினாலும் உள்ளே போகாது. இடது பக்கம் ஒரு குமிழ், மேஜை எண்ணுக்கு. வலது பக்கம் ஒரு குமிழ், இனிப்புக்கு. நெய்க்கையிலும் வழுக்காமல் இருக்க ஓரத்தில் கோடு போட்ட குமிழ்களாகத் தேடி வாங்கினேன். அந்த இனிப்புக் குமிழில்தான் என் மேதாவித்தனம் முழுவதையும் கொட்டினேன். திருகினால் இனிப்பு மாறும். அப்படியே கீழே அமுக்கினால் ஆர்டர் போய்விடும். ஒரே கை, ஒரே இடம். எனக்கு நானே இரண்டு முறை கைகொடுத்துக்கொண்டேன். பன்னிரண்டில் ஒரு பொத்தானைச் சூடான பார்லிக்கு ஒதுக்கினேன். அந்தக் கடையில் அதைக் குடிக்கிற ஒரே ஆள் நான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடை காலியாக இருந்தபோது கொண்டுபோய் மாட்டினோம். டின்பால் அடுக்குக்கு மேலே ஒரு பழைய சின்ன டிவி. நான் குமிழை இடது பக்கம் சுற்றிக்காட்டினேன், கொஞ்சம் உற்சாகமாக. திரையில் வந்தது: தே தாரேக், இனிப்பு -7. எல்லை வைக்க மறந்துவிட்டேன்.

நண்பன் நிதானமாகப் படித்தான். "மைனஸ் ஏழுன்னா எப்படி மச்சான்? நான் அவரு வீட்டுக்குப் போயி அங்க இருக்கிற சீனியையும் எடுத்துட்டு வரணுமா?"

பூஜ்யத்திலிருந்து நாலு வரை என்று எல்லை வைத்தேன். மூன்று என்றால் சாதாரணம். பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஓடியது என்றால், என் கையில் ஓடியது. அதுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை நிரம்பி ரோட்டோரம் வரை மேஜை போட்டிருந்தார்கள். நான் தேத்தண்ணி மேடைக்குப் பக்கத்து மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். மனைவியும் வந்திருந்தாள். உதவிக்கு இல்லை. "காமெடி பாத்து ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

முதல் கால் மணி நேரம் எந்தக் கத்தலும் இல்லாமல் ஆர்டர்கள் திரையில் ஏறின. நண்பன் திரையைப் பார்த்தான், போட்டான், வைத்தான். என் நெஞ்சு ரொட்டி மாவு போல உப்பியது.

அப்புறம் நாலாம் மேஜையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி, வட்டாரத்துக்கே தெரியும். "கொசொங் கேட்டேன். இது பாயாசம்" என்றார். அதற்குள் பக்கத்து மேஜை அக்காவின் குரல்: "ஏய் தம்பி, இதுல சீனி போட்டியா, இல்ல தூரத்துலருந்து காட்டுனியா?" ஏழாம் மேஜை, ஒன்பதாம் மேஜை என்று வரிசையாகக் கை உயர்ந்தது. தேத்தண்ணி சரி, மைலோ சரி, மேஜை சரி. இனிப்பு மட்டும் தாறுமாறு.

கல்லாவிலிருந்து முதலாளி பார்த்தார். சில்லறை எண்ணுவதை நிறுத்தினார். அதுதான் பயமாக இருந்தது. நண்பன் திரையைக் காட்டினான்: "நான் இதுல உள்ளதத்தான போடுறேன் முதலாளி!" அவன் முகம் அன்றைக்குச் சாயங்காலம் என் எதிரே உட்கார்ந்தபோது இருந்த மாதிரி ஆகிவிட்டது.

நான் மேடைக்கு அடியில் தவழ்ந்துபோய்க் கம்பிகளைப் பார்த்தேன். சரி. வெளியே வந்து நானே ஓர் ஆர்டர் போட்டேன். சரி. பரிமாறுகிற மூன்று பேரையும் நிறுத்திச் சொன்னேன்: "திருகுங்க. அப்புறம் அமுக்குங்க."

"அப்படித்தாண்ணே செய்றோம்" என்றார் அவர்களில் உயரமானவர், சத்தியம் செய்கிற முகத்தோடு. செய்தும் காட்டினார். நிதானமாக, சரியாக. கூட்டத்துக்குள் போய்த் திரும்பி வந்ததும் மறுபடியும் தப்பு.

"ஏங்க, பெட்டிக்கும் கும்பிடு போட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

அப்போதுதான் நண்பன் கத்தினான். காது கேட்காதவன் கத்தினால் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். "மச்சான்! அவனுங்க அடுப்பு பத்த வைக்கிறானுங்கடா!"

கடையே திரும்பியது. எனக்குப் புரியவில்லை. அவன் கரண்டியால் பின்பக்கத்தைச் சுட்டினான். சமையல்கட்டில் வரிசையாக ஆறு காஸ் அடுப்பு: நாசி கோரேங் சோறு வறுக்க ஒன்று, மீன் குழம்புக்கு ஒன்று, ரொட்டிக்கல்லுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் குமிழ் உண்டு. அந்தக் குமிழை முதலில் உள்ளே அமுக்க வேண்டும், அப்புறம்தான் திருக முடியும். அமுக்காவிட்டால் திரும்பவே திரும்பாது. அந்தக் கடையில் வேலைக்குச் சேருகிற எவனுக்கும் முதல் நாள் முதல் பாடம் அதுதான். மூன்று பேருமே அடுப்பில் நின்றுவிட்டுப் பரிமாற வந்தவர்கள். நான் நின்று பார்த்தால் ஞாபகமாகத் திருகி அமுக்கினார்கள். அவசரம் வந்தால் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது: அமுக்கு, திருகு.

அமுக்கியதும் என் மேதாவிக் குமிழ் ஆர்டரை அனுப்பிவிட்டது. அப்புறம் திருகிய இனிப்பு அங்கேயே தங்கி அடுத்த ஆர்டரில் ஏறியது. காலையிலிருந்து அந்தக் கடையில் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் கேட்டவரின் இனிப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கை ஜாடையில் கேட்டேன்.

"காது போனதுலருந்து நான் கையத்தான பாக்குறேன்" என்றான்.

இரண்டு வாரம் அந்தப் பெட்டியை இழைத்தேன். சமையல்கட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வருடக்கணக்காகச் சாப்பிட்ட கடை!

அவர்களைத் திருத்த முடியாது, குமிழைத்தான் திருத்த வேண்டும். பெட்டியைக் கழற்றி மடிக்கணினியில் சொருகினேன். இனிமேல் அமுக்கினால் ஒன்றும் நடக்காது. அமுக்கித் திருகினாலும் சும்மா திருகினாலும் இனிப்பு மாறும். ஒவ்வோர் ஆர்டருக்குப் பிறகும் அதுவே மூன்றுக்குத் திரும்பும். அனுப்புவதற்குத் தனியாக ஒரு பொத்தான் வேண்டும். பன்னிரண்டும் நிரம்பியிருந்தன. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சூடான பார்லியைத் தூக்கினேன்.

பெட்டி இல்லாத அந்தப் பத்து நிமிஷமும் பழையபடி கத்தல்தான். நண்பன் ஒவ்வொரு வாயாகப் பார்த்துத் தடுமாறினான். நான் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏங்க," என்றாள் மனைவி, "மத்த எட்டு வெரலும் லீவா?"

"ஞாயித்துக்கெழமைல்ல?" என்றார் தலைமையாசிரியர். இரண்டு பேரும் சிரித்தார்கள். என் அவசரத்தில் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டேன், அதைக் கண்டுபிடிக்க மேலும் இரண்டு நிமிஷம் ஆனது. கண்டுபிடித்தவர் தலைமையாசிரியர்தான். "மேல தொறந்திருக்கு, கீழ மூடல" என்றார். கம்ப்யூட்டர் தெரியாதாம். கணக்கு வாத்தியாராக இருந்தவராம்.

பெட்டியை மறுபடி மாட்டினேன். உயரமானவர் ஓடிவந்தார், பொத்தானைத் தட்டினார், குமிழை அமுக்கித் திருகினார், அடுப்பைப் பற்ற வைக்கிற அதே மணிக்கட்டு வெட்டோடு. திரையில் வந்தது: மேஜை 4, தே தாரேக், இனிப்பு 0. அனுப்பினார். நண்பன் போட்டான். தலைமையாசிரியர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இப்ப சரியா இருக்கு. நல்லாவே இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கூட்டம் குறையவே இல்லை. ஒரு தேத்தண்ணிகூடத் திரும்பி வரவில்லை. நண்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. ரோட்டில் போகிற மோட்டார்சைக்கிள்காரர்களையெல்லாம் வம்புக்கு இழுக்க ஆரம்பித்தான். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது அவனுக்குத் தேவையும் இல்லை.

கூட்டம் உச்சத்தில் இருந்தபோது முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். கைலியில் கையைத் துடைத்தார். பெட்டியிடம் போய், அவரும் அடுப்பைப் போலவே அமுக்கித் திருகி, எதையோ அனுப்பினார். நண்பன் திரையைப் படித்தான்.

"பன்னண்டாம் மேஜையா? நம்ம கடையில பதினொண்ணுதான இருக்கு! எவன்டா அது, ரோட்டு நடுவுல ஒக்காந்துட்டானா?"

திரும்பினான். பின்னால் முதலாளி கைகட்டி நின்றார். நண்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் திரையிலேயே வைத்து, தேத்தண்ணியைத் தலைக்கு மேலே தூக்கி இழுத்தான். நுரை கண்ணாடிக் கிளாசின் விளிம்புக்கு மேல் எழுந்து நின்றது. முதலாளி ஊதிக் குடித்தார். கிளாஸ் பாதியாகும் வரை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"தைப்பிங் ஆளுக்கு இன்னைக்கே போன் போட்டுர்றேன், வரவேணாம்னு" என்றார்.

எனக்குக் கேட்டது. மனைவிக்குக் கேட்டது. தலைமையாசிரியருக்கும் கேட்டது. கேட்க வேண்டியவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

"என்னா முதலாளி?" என்றான் அவன். "சீனி கூடவா?"

முதலாளி வாயைத் திறந்தார். மூடினார். திரும்பிப் பெட்டியின் மேல் குனிந்தார். இடது குமிழைப் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குத் திருகினார், வலது குமிழை அமுக்கி முழுதாகத் திருகினார், அனுப்பினார். இடது குமிழில் இன்னும் ஓர் அடி. மறுபடி. திரையில் வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏறின: மேஜை 1, தே தாரேக், இனிப்பு 4. மேஜை 2, தே தாரேக், இனிப்பு 4. மேஜை 3. மேஜை 4. அந்தக் கடையில் அவர் யாருக்கும் சும்மா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. பதினொன்று வரை போய்த்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்து, நண்பன் நிற்கிற இடத்தைத் தரையோடு சேர்த்து விரலால் இரண்டு முறை குத்திக் காட்டினார்.

நண்பன் திரையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். தன் காலடியைப் பார்த்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவியிருந்த ஒரு குவளையை ரொம்ப நேரம் கழுவினான்.

திரும்பியபோது பழைய ஆள். கிளாஸ்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே, கடை முழுவதற்கும் கேட்கிற குரலில் கத்தினான்:

"முதலாளி எல்லாத்துக்கும் முழு இனிப்பு போட்டுட்டாரு! யாருக்காச்சும் குராங் மானிஸ் வேணும்னா இப்பவே கையத் தூக்குங்க!"

யாரும் தூக்கவில்லை. தலைமையாசிரியர் தன் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.